தசைச்சிதைவு உள்ள பிள்ளைக்கு உடற்பயிற்சி: தசைக்கு எவ்வளவு, மூளைக்கு என்ன

பிள்ளைக்குத் தசைச்சிதைவு என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்றைக்கே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். அப்பாயி, "அவனை நடக்கவிடாதே, இருக்கிற சதையும் கரைஞ்சிடும்" என்பார். மாமா வந்து, "நல்லா ஓடவிடுங்க, காலையில எழுப்பி தண்டால் எடுக்கச் சொல்லுங்க, உடம்பு தானா தேறிடும்" என்பார். இரண்டு பேரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே பிள்ளைக்குக் கெடுதல். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். போகிற வீட்டிலெல்லாம் இந்த ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்பதால், இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

தசைச்சிதைவு என்பது ஒரே நோய் இல்லை, ஒரு குடும்பம் மாதிரி பல நோய்கள். பிள்ளைகளிடம் அதிகம் பார்ப்பது டுஷேன் வகை. கிட்டத்தட்ட எல்லாமே ஆண் பிள்ளைகள்தான், 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் உலகம் முழுக்க இருக்கிறது. நடக்கத் தாமதமாகும், அடிக்கடி விழுவான், நுனிக்காலில் நடப்பான், கெண்டைக்கால் மட்டும் பயில்வான் கால் மாதிரி பருத்திருக்கும், தரையிலிருந்து எழுந்திருக்கும்போது தொடைமேல் கையை ஊன்றி ஊன்றி ஏறி நிமிர்வான். இந்தக் கடைசி அடையாளத்தைப் பார்த்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், அடுத்து என்ன செய்வது என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்கவேண்டிய அந்த எண் இந்தப் பிள்ளைகளுக்குப் பல ஆயிரங்களில் இருக்கும்.

ஏன் அவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் பயிற்சியைப் பற்றிய மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் தசை நாருக்குள்ளே சுருங்கி விரிகிற இழைகள் இருக்கின்றன, நாரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கிற இழையையும் வெளியே இருக்கிற சவ்வையும் பிடித்துக் கட்டி வைத்திருக்கும் புரதத்தின் பெயர் டிஸ்ட்ரோபின். வாய்க்கால் கரையில் நாணல் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறதே, அந்த வேலைதான். வேர் இல்லாத கரை சாதாரணத் தண்ணீரில் நிற்கும், மேட்டூர் திறந்து முழுத் தண்ணீர் வந்ததும் அங்கங்கே உடைத்துக்கொள்ளும். டுஷேன் பிள்ளையின் தசையில் டிஸ்ட்ரோபின் அநேகமாக இல்லவே இல்லை. ஒவ்வொரு அசைவிலும் சவ்வில் சின்னச் சின்னக் கிழிசல் விழுகிறது, அதன் வழியாகக் கால்சியம் உள்ளே புகுந்து நாரை அரிக்கிறது, உள்ளே இருக்கவேண்டிய சிபிகே என்ற நொதி வெளியே ரத்தத்தில் கலக்கிறது. உடம்பு பழுது பார்த்துக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல் அந்த இடத்தில் கொழுப்பும் தழும்புத் திசுவும் வந்து குடியேறிவிடும். பருத்த கெண்டைக்கால் பலமான கால் இல்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

இந்தப் புரதத்துக்கான மரபணுவை 1980களின் பின்பாதியில் அமெரிக்காவில் லூயிஸ் குன்கெல் குழுவினர் கண்டுபிடித்தார்கள், புரதத்துக்கு 1987இல் பெயர் வைத்தார்கள். மனித உடம்பில் இருக்கிற மிகப் பெரிய மரபணுக்களில் ஒன்று அது, எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அவ்வளவு பெரிது என்பதாலேயே பிழை விழவும் வாய்ப்பு அதிகம், மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு அம்மாவிடமிருந்து வராமல் புதிதாகவே பிழை விழுந்திருக்கிறது. இதை இங்கே நிறுத்திச் சொல்லக் காரணம், நம் பக்கத்தில் முதல் பழி அம்மா மேல் விழுகிறது, அடுத்தது சொந்தத்தில் கல்யாணம் கட்டியதன் மேல். டுஷேனுக்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தம் இல்லை. தோள், இடுப்பைப் பாதிக்கிற வேறு சில வகைகளுக்குச் சம்பந்தம் உண்டு, அங்கேயும் அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும்தான் வருகிறது. மருமகளைக் குறை சொல்வதை விட்டுவிட்டு மரபணுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள், அம்மாவுக்கும் அந்த மரபணு இருந்தால் அவர் இதயத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, சவ்வு கிழிகிறது என்றால் அசையாமலே உட்கார வைத்துவிடலாமே என்று தோன்றும். அப்பாயி சொல்வதும் அதைத்தான். ஆனால் அசையாத தசை, நோய் இல்லாதவர்களுக்கே மெலிந்துபோகும். காலில் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் கழித்துப் பிரித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நோயால் போவது ஒரு பக்கம் என்றால், சும்மா இருப்பதால் போவது இன்னொரு பக்கம், இந்த இரண்டாவதை நம்மால் தடுக்க முடியும். அதோடு உட்கார்ந்தே இருக்கிற பிள்ளைக்குக் கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு சேர்க்கிற தசைநாண் சுருங்கிப் பாதம் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும், முழங்காலும் இடுப்பும் மடங்கியபடியே இறுகிவிடும், எலும்பு வலுவிழக்கும், மலச்சிக்கல் வரும். பிரட்னிசலோன், டிஃப்ளாசகார்ட் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிற பிள்ளைக்குப் பசியும் அதிகம், எடை கூடினால் பலமில்லாத காலுக்கு அது கூடுதல் சுமை.

நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். டுஷேன் உள்ள 30 பையன்கள், சிலர் நடக்கிறவர்கள், சிலர் சமீபத்தில் சக்கர நாற்காலிக்கு மாறியவர்கள். பாதிப் பேருக்கு மோட்டார் உதவியோடு சுற்றுகிற பெடல், காலுக்கு 15 நிமிடம், கைக்கு 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், 24 வாரம். மீதிப் பேர் வழக்கமான கவனிப்பில் மட்டும் இருந்தார்கள். முடிவில், பெடல் சுற்றிய பையன்களின் உடல் இயக்க மதிப்பெண் கிட்டத்தட்ட அப்படியே நின்றது, மற்றவர்களுக்கு இறங்கியிருந்தது. பலம் கூடிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. இறக்கம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆனால் வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே போகிற ஒரு நோயில் ஆறு மாதம் அப்படியே நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும்.

இப்போது மாமா பக்கத்துக்கு வருவோம். எல்லா அசைவும் தசையை ஒரே மாதிரி கிழிப்பதில்லை. தசை சுருங்கிக்கொண்டே சுமையைத் தூக்கும்போது சேதம் குறைவு. தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போதுதான் சேதம் அதிகம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் வாங்காது, அதனால் இறங்குவது லேசு என்று நினைக்கிறோம். இந்தப் பிள்ளைக்கு நேர் எதிர். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே மொத்த உடம்பையும் தாங்குகிறது, கிழிசல் அங்கேதான் விழுகிறது. மூச்சு வாங்குகிறதா என்பதை வைத்து இந்த நோயில் ஆபத்தை அளக்க முடியாது.

நம்ம ஊரில் இதற்கு எத்தனை இடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கோயில் குளத்துப் படிக்கட்டு, ஆற்றங்கரைச் சரிவு, படித்துறை. பிள்ளையார் முன்னால் போடுகிற தோப்புக்கரணத்தில் உட்காருகிற பாதி முழுக்க இதே அசைவுதான். பள்ளிக்கூடத்தில் தண்டனையாகத் தோப்புக்கரணம், தவளைப் பாய்ச்சல், மைதானத்தைச் சுற்றி ஓட்டம் என்று கொடுப்பதை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, அவன் சோம்பேறி இல்லை என்பதைப் பிடி சாருக்கும் வகுப்பு டீச்சருக்கும் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், டாக்டர் சீட்டின் நகல் ஒன்றும் கொடுத்துவிட்டு வாருங்கள். கண்காட்சியில் வைக்கிற குதிக்கும் வலை, ஜிம்மில் எடை தூக்குவது, தண்டால் எல்லாம் வேண்டாம். பிள்ளையாரைக் கைகூப்பிக் கும்பிட்டால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. வேலை செய்கிற தசைக்கு ரத்தம் அதிகம் தேவை. நல்ல தசை வேலை செய்யும்போது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிட்டு ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும். அதைச் சுரக்கிற நொதி சவ்வோரம் டிஸ்ட்ரோபினைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது, டிஸ்ட்ரோபின் இல்லாவிட்டால் அதற்கும் இடம் போய்விடும். ஆக டுஷேன் தசைக்கு வேலை நேரத்தில் ரத்தம் போதுமான அளவு வராது. அதனால்தான் நாங்கள் "ஐந்து நிமிடம் செய், இரண்டு நிமிடம் உட்கார்" என்று துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிறோம். பையன் நடுவில் நிறுத்துகிறேன் என்றால் நிறுத்தட்டும், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்ச வேண்டாம்.

மூளைக்கு வருகிறேன், நிறையப் பேருக்குத் தெரியாத பாதி இதுதான். டிஸ்ட்ரோபின் தசையில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கிறது. ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற ஹிப்போகாம்பஸ், யோசிக்கிற மேல்மூளை, அசைவைச் சீராக்குகிற சிறுமூளை, இந்த இடங்களில் நரம்பு செல்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கிற சந்திப்புகளில் அது வேலை செய்கிறது. அது இல்லாததால் டுஷேன் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் படிப்பில் சிரமம் இருக்கிறது. குறிப்பாகக் காதால் கேட்டதை மனதில் நிறுத்தி வைப்பது. "பையை வச்சிட்டு, கை கழுவிட்டு, தட்டு எடுத்துட்டு வா தம்பி" என்று மூன்றைச் சேர்த்துச் சொன்னால் முதலாவதைச் செய்துவிட்டு நிற்பான். அது அடங்காத்தனம் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள், செய்வான். கவனம் சிதறுவது, ஆட்டிசம், பிடிவாதமாக ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது போன்றவையும் மற்ற பிள்ளைகளைவிட இவர்களிடம் அதிகம். ஒரு நல்ல செய்தி, தசை மாதிரி இது வருடாவருடம் மோசமாகிக்கொண்டே போவதில்லை. வாசிப்புக்கும் கணக்குக்கும் கொஞ்சம் கூடுதல் உதவி கிடைத்தால் பிள்ளை முன்னுக்கு வருவான்.

உடற்பயிற்சி மூளைக்கு என்ன செய்யும் என்பது நோய் இல்லாதவர்களிடம் நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. தசை வேலை செய்யும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, நரம்பு செல்களுக்கு உரம் போடுகிற பிடிஎன்எஃப் என்ற புரதம் அதிகம் சுரக்கிறது. அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து 2011இல் வந்த ஆய்வில், ஒரு வருடம் தொடர்ந்து நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது, உடம்பை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியிருந்தது.

தசைச்சிதைவில் இதே கேள்வியைக் கேட்டது பெரும்பாலும் எலிகளிடம்தான். டிஸ்ட்ரோபின் இல்லாமல் பிறக்கிற எம்டிஎக்ஸ் என்ற சுண்டெலி இனம் உண்டு. அவற்றை நகரும் பட்டையில் நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகத்தில், அரைமணி நேரம், வாரத்தில் இரண்டு தடவை ஓடவைத்தால் நோய் கூடுகிறது. புது மருந்தைச் சோதிப்பதற்காக நோயை வேண்டுமென்றே அதிகப்படுத்த ஆய்வகங்கள் பயன்படுத்துகிற முறையே அதுதான். அதே எலியை, அதே அரைமணி நேரம், நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மெதுவாக ஓடவைத்து எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் தசையில் ஆக்ஸிஜன் கழிவுகளால் வருகிற சேதம் குறைந்திருக்கிறது. பிரேசிலில் இப்படி மெதுவாக ஓடவிட்ட எலிகளின் மூளையிலும் அந்தச் சேதம் குறைந்தது, ஞாபகச் சோதனைகளிலும் அவை முன்னேறின. பன்னிரண்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிற மூன்று மீட்டரைப் பாருங்கள், எவ்வளவு சின்ன இடைவெளி! எலியின் வேகத்தைப் பிள்ளைக்கு அப்படியே மாற்றிக் கணக்குப் போட முடியாது, மனிதப் பிள்ளைகளின் மூளையில் இதே பலன் கிடைக்கும் என்று நிரூபிக்கப்படவும் இல்லை. ஆனால் மெதுவான அசைவுக்குப் பிறகு பிள்ளை நன்றாகத் தூங்குகிறான், எரிச்சல் குறைகிறது, வீட்டுப்பாடத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காருகிறான் என்று அம்மாக்கள் சொல்வதை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அப்போது லேசான பயிற்சி என்றால் வீட்டில் என்ன? முதல் அளவுகோல் பேச்சு. செய்துகொண்டே உங்களிடம் கதை பேச முடியணும், பாட்டு முணுமுணுக்க முடியணும். இரண்டாவது அளவுகோல் மறுநாள் காலை. எழுந்ததும் கால் வலிக்கிறது என்றாலோ, வழக்கத்தைவிட அதிகமாக விழுகிறான் என்றாலோ நேற்றுச் செய்தது அதிகம், குறைத்துவிடுங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை நிறைய உடைந்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், காத்திருக்கக் கூடாது.

டெல்டாவில் நமக்கு ஒரு பெரிய வசதி, தரை சமமாக இருக்கிறது. மேடு பள்ளம் இல்லாத தெருவில் காலையில் பத்து நிமிடம் நடை, அல்லது பின்னால் நீங்கள் பிடித்துக்கொள்ள, சீட்டை இறக்கி வைத்த சைக்கிளில் மெதுவாக ஒரு சுற்று. ரோடு ஆற்றுப் பாலத்தில் ஏறுகிற இடம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், திரும்புகிற சரிவில் அவன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு சேறாகிவிடும், அப்போது வெளியே வேண்டாம், கூடத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து கால் பெடல் சுற்றட்டும். விழுந்து எலும்பு முறிந்து சில வாரம் படுக்கையில் கிடந்தால், அதற்குப் பிறகு நடையே திரும்பாமல் போகலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே வழுக்கும் தரையைப் பார்த்தால் எனக்குப் பயம்.

எல்லாவற்றையும்விட நல்லது தண்ணீர். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் நிலத்தில் முடியாத அசைவெல்லாம் அங்கே முடியும், தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதும் அநேகமாக இருக்காது. வெதுவெதுப்பான நீச்சல்குளம் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காத ஊர்களில் நான் வயல் போர்செட் தொட்டியைப் பயன்படுத்தச் சொல்வதுண்டு. பாசி தேய்த்துக் கழுவியிருக்கணும், மோட்டாரை நிறுத்தியிருக்கணும், மின்சார வயர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, தண்ணீர் அவன் நெஞ்சுக்குக் கீழே இருக்கணும், பெரியவர் ஒருவர் கூடவே உள்ளே இறங்கிப் பிடித்துக்கொண்டிருக்கணும். அப்படி இருந்தால் தண்ணீருக்குள் நடக்கலாம், கையை அகட்டலாம், காலை உதைக்கலாம். ஆனால் ஓடுகிற ஆறு, வாய்க்கால், மதகுப் பக்கம் கூட்டிப்போகவே வேண்டாம், நீந்தத் தெரிந்தவர்களையே சுழல் இழுத்துக்கொண்டு போகிற இடங்கள் அவை.

பயிற்சி என்று சொல்லாவிட்டாலும் தினமும் விடாமல் செய்யவேண்டியது கெண்டைக்காலை நீட்டிவிடுவது. பிள்ளையைப் படுக்கவைத்து, முழங்காலை நேராக வைத்து, குதிகாலை உங்கள் உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெதுவாக அவன் முகத்துப் பக்கம் மடக்கி, வலி வருவதற்கு முன்னாலேயே நிறுத்தி, இருபது முப்பது எண்ணும்வரை பிடித்துவிட்டு விடுங்கள். எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவிவிட்டால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், செய்யுங்கள். முறுக்கி இழுத்து உருவுவது மட்டும் வேண்டாம்.

பெரியவர்களுக்கு வருகிற வகைகளில் கதை இன்னும் நம்பிக்கையானது. பெக்கர் வகையில் டிஸ்ட்ரோபின் கொஞ்சம் இருக்கும், குறையோடு இருக்கும். டென்மார்க்கில் 2008இல் வெளியான ஆய்வில் பெக்கர் உள்ள 11 பேர் 12 வாரத்தில் அரைமணி வீதம் 50 தடவை சைக்கிள் மிதித்தார்கள். உடம்பு அதிகபட்சமாக ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் அளவு சராசரியாக 47 சதவீதம் கூடியது, சிபிகே ஏறவில்லை. ஆக இப்படிப்பட்ட அண்ணன் ஒருவர் வீட்டில் இருந்தால், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிற வேலைக்கு அனுப்பாதீர்கள், ஆனால் சைக்கிளைப் பிடுங்கி வைத்துவிடவும் செய்யாதீர்கள்.

எந்த வகையாக இருந்தாலும் ஆரம்பிக்கும் முன் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்துவிடுங்கள், இதயமும் தசைதான், டுஷேனில் வருடத்துக்கு ஒரு தடவையாவது அதைப் பார்க்கணும்.

யாரிடம் கற்றுக்கொள்வது என்று கேட்டால், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. அலைய முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்ட்டும் இருப்பார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச்சிதைவு தனியாகவே இடம்பெற்றிருக்கிறது, அடையாள அட்டை வாங்கிவிட்டால் உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பிக்கலாம். அப்புறம், முதல் தடவை பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கப் போகும்போது, பிள்ளை தரையிலிருந்து எழுவதையும் நாலு படி ஏறுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் பிள்ளைகள் பயந்து செய்துகாட்ட மாட்டார்கள், வீடியோ இருந்தால் எங்களுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும், ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று எடுத்து வைத்துப் பார்த்தால் கூட்டுவதா குறைப்பதா என்பதும் தெரியும்.